வீட்டில என்னெண்டு கூப்பிடுறவை?

சென்ட் லோரன்ட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த கிளினிக்கில் தாதி கதவைத் திறந்து, கையிலிருக்கும் கோப்பைப் பார்த்து, "மதாம்" என்று தொடங்கி ஒரு நீளப் பெயரைக் கடித்துக் குதறுவார். மூலைக் கதிரையிலிருந்து எங்கள் கீழ்வீட்டு அன்ரி எழும்புவார். எழும்பும்போதே குனிந்து என் காதுக்குள் சொல்லுவார்:

"அப்புவைக் கூப்பிடுறாள். என்ன விசயமெண்டு கேட்டுக்கொண்டு வாறன்."

அது அவருடைய தகப்பனின் பெயர். கனடாவில் வந்து இறங்கிய அன்று யாரோ ஒரு அதிகாரி கடவுச்சீட்டில் கடைசியாகக் கிடந்த சொல்லைக் குடும்பப் பெயர் என்று தட்டிவிட்டார். அன்றிலிருந்து, செத்து எவ்வளவோ காலமான அந்த மனிதர் மொன்றியலில் வேலைத்தலத்திலும் வங்கியிலும் தொலைபேசியிலும் ஓயாமல் கூப்பிடப்பட்டுக்கொண்டிருந்தார். "உயிரோட இருக்கேக்க அப்புவை ஒரு நாயும் தேடினதில்லை. இப்ப பாருமன், என்ன மாதிரி டிமாண்ட்" என்று அன்ரி சிரிப்பார்.

இது எங்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கவுண்டருக்குக் கவுண்டர் நின்று, இது என் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயர் என்று சண்டை பிடித்திருக்கிறேன். அன்ரி சண்டை பிடிக்கமாட்டார். கையில் அகப்பட்ட ஆளைப் பிடித்து ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விதான் அவர். அவருடைய முகத்தையும் சீலையையும் நான் எழுதாமல் விட்டு இதை மட்டும் எழுதினாலும், தெரிந்தவர்கள் ஆளை மட்டுக்கட்டிவிடுவார்கள்.

"வீட்டில உம்மை என்னெண்டு கூப்பிடுறவை?"

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாது என்பது அவர் சொன்னது. பதிலுக்கு வேறொரு பெயரை எழுதச் சொன்னார். அது வரவேண்டிய இடத்தில் வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளுக்கு ஒரு பெயர் போதாது. பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் கோயிலுக்கும் ஒன்று. அது சப்பாத்துப் போட்ட பெயர். வீட்டுக்குள் கூப்பிட இன்னொன்று. அது வெறுங்காலோடு திரியும். மேரி பிலோமினா என்று ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை வீட்டில் கிளி. டொக்டராக வந்த பெடியனும் தாய்க்குக் குஞ்சன்தான்.

என்னுடையது குண்டு. சின்ன வயதில் கொழுகொழுவென்று இருந்தேனாம். விமானம் ஏறும்போது அந்தப் பெயரை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த களைப்பில் நான் ஏமாந்திருந்த நேரம் பார்த்து அன்ரி அதைப் பிடுங்கிவிட்டார். அடுத்த நாள் மெற்றோ நிலையத்தில், என்னோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் நான் நாகரிகமாக நிற்கையில், படிக்கட்டின் மேலிருந்து "குண்டூ!" என்று ஒரு சத்தம். அந்தக் கிழமை முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

பிறகொரு நாள் பரீட்சை ஒன்றில் சறுக்கிவிட்டு, ஒருவரோடும் கதைக்கப் பிடிக்காமல் அறைக்குள் கிடந்தேன். அக்கா வந்து தட்டினாள். அத்தான் வந்து தட்டினார். நான் அசையவில்லை. கீழ்வீட்டிலிருந்து அன்ரி ஏறி வந்து, "குண்டு, கதவைத் துற. புட்டு ஆறுது" என்றார். திறந்தேன். ஏன் திறந்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. நல்ல பசியும்தான்.

இந்தக் கேள்வியை அவர் எங்கள் ஆட்களோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. அவருடைய பிரெஞ்சு, தொழிற்சாலைத் தரையில் பொறுக்கிய பிரெஞ்சு. வினைச்சொல் என்ற சாமானே அதில் கிடையாது. "மேசோன், மமான், நோம்?" என்று கேட்பார். வீடு, அம்மா, பெயர். இந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு பஸ் சாரதியை மடக்கினார். பால் வாங்கும் டெப்பனர்க் கடைக்காரரை மடக்கினார். பல்லுக் கொதி என்று போய் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது பல் வைத்தியரை மடக்கினார். நான் பக்கத்தில் நின்று கூசிச் செத்திருக்கிறேன். ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், சனம் சொல்லிவிடும். முதலில் முழிக்கும், பிறகு சிவக்கும், பிறகு மெல்லச் சொல்லும். சொன்ன பிறகு அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே, இரண்டு வயது குறைந்திருக்கும்.

அவர் மாத்திரை பொதி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஒரு ஹெயிட்டிக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், யாரோடும் சிரிக்காத ஆள். தொழிற்சாலையே பயப்படும். அன்ரி இடைவேளையில் போய்க் கேட்டிருக்கிறார். அந்த ஆள் சுற்றிவரப் பார்த்துவிட்டு, "தீஃப்ரே" என்றாராம். சின்னத் தம்பி என்று அர்த்தம். தங்கள் ஊரிலும் அப்படித்தானாம். பள்ளிக்கூடத்துக்குப் பிரெஞ்சுச் சாமிமார் சொல்லக்கூடிய ஒரு நீளப் பெயர், வீட்டில் வேறொன்று. வீட்டுப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொன்னால் அடி.

"அங்கயும் அடியாம் பிள்ளை!" என்று அன்று பின்னேரம் அன்ரி வந்து சொன்னபோது, தூரத்துச் சொந்தம் ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோசம் அவருக்கு. அன்று தொடக்கம் அந்த மனிதர் அவருக்குத் தீஃப்ரேதான்.

தோற்ற இடமும் உண்டு. அகதி விசாரணையில், எல்லாம் கேட்டு முடித்த பிறகு, நீங்கள் கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று விசாரித்தவர் கேட்டிருக்கிறார். அன்ரி மொழிபெயர்ப்பாளர் மூலம் தன் கேள்வியைக் கேட்டார். வக்கீலின் முகம் வெளிறிவிட்டது. விசாரித்தவர் கோப்பை மூடிக்கொண்டு போனார். வழக்கு வென்றது, அது வேறு கதை. "பாவம், அந்தாளை வீட்டில ஒருதரும் கூப்பிடுறேல்லைப் போல" என்று அன்ரி கனகாலம் கவலைப்பட்டார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். சொல்லப்போனால் அந்தக் காலத்தில் மொன்றியலில் எனக்கு உண்மையாகப் பிடித்த ஆள் அவர் ஒருவர்தான்.

தன் தம்பியின் கதையை அன்ரி ஒரே மூச்சில் சொன்னதில்லை. பஸ் தரிப்பிடத்தில்தான் சொல்லுவார். காலையில் எங்கள் இருவருக்கும் ஒரே பஸ். அவர் தொழிற்சாலைக்கு, நான் மெற்றோவுக்கு. பஸ் வந்தால் கதை நின்றுவிடும். உள்ளே ஏறிய பிறகு கேட்டால், "பேந்து" என்று தள்ளிப்போடுவார். அதனால் அந்தக் கதை ஒரு பனிக்காலம் முழுக்கத் துண்டு துண்டாகத்தான் எனக்குக் கிடைத்தது.

தம்பிக்கு ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த பெயர் அல்பிரட். வீட்டில் அப்பு வேறு பெயர் வைத்திருந்தார். கத்தோலிக்கத் துறவிகளான பிறதர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வரவு இடாப்பில் அல்பிரட் என்று எழுதினார்கள். காலையில் வெள்ளைக்காரப் பிறதர் இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பிள்ளைகள் எழும்பி "பிரசென்ட்" என்று சொல்லவேண்டும். அல்பிரட் என்றால் சத்தம் இல்லை. தம்பி முன்வாங்கில் இருந்துகொண்டு ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளங்கையில் அடி விழும். அடுத்த நாளும் அதே கதை.

"'அது என்ர பேரில்லை, என்ர பேரைக் கூப்பிடுங்கோ' எண்டு சொல்லியிருக்கிறான். 'உன்ர பேர் இந்த இடாப்பில எழுதுற பேரில்லை' எண்டு அந்தாள் சொல்லிப்போட்டுது" என்றார் அன்ரி. பஸ் வந்துவிட்டது.

வேறொரு நாள் மிச்சம். அப்புவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்களாம். அப்பு தோளில் கிடந்த சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்று, பிள்ளையின் பெயர் அல்பிரட்தான் சாமி, வீட்டில் சும்மா விளையாட்டுக்கு ஏதோ கூப்பிடுவோம், அது பெயரே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பெண்பிள்ளைகளின் கன்னியர் மடம் தெருவுக்கு அந்தப் பக்கம். அங்கே படித்த அன்ரி தெருவைத் தாண்டி வந்து மதிலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தான் வைச்ச பேரைத் தானே இல்லையெண்டு சொல்லிப்போட்டு வந்தார் பிள்ளை. அண்டைக்கு அப்பு சாப்பிடேல்லை."

அதற்குப் பிறகும் தம்பி வாய் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்திலிருந்த சிநேகிதன் அவனுக்காக "பிரசென்ட்" சொல்லத் தொடங்கினான். பிறதர் கண்டும் காணாதவர் போல் சரி அடையாளம் போட்டுக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் முடியும் மட்டும் அவன் சார்பில் வேறொருவன்தான் அங்கே இருந்தான்.

கடைசித் துண்டு கிடைத்த அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் பிந்தியது. பிரச்சினைக் காலத்தில் ஊரில் ஆம்பிளைகளை வளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குள் தம்பியும். வளர்ந்த மனிதன், கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லாம் இராணுவ முகாம் வாசலில் போய்க் கிடந்தார்கள். ஒரு நாள் விடப்போகிறவர்களின் பெயரை உள்ளே நின்று ஒருவன் கடதாசியைப் பார்த்து உரத்து வாசித்தான். பெயர் கேட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"அல்பிரட் எண்டு கூப்பிட்டவங்கள். என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான். ஆரும் வரேல்லை. அவன் மற்றப் பேரை வாசிக்கத் தொடங்கியிட்டான்."

அன்ரி பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவன் உள்ளுக்க இருந்துகொண்டு, வாய் துறக்காமல் இருந்திருந்தால்?"

எனக்குத் துக்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள் அன்ரி? வளர்ந்த ஆம்பிளை, உயிர் போற இடத்தில பேருக்கு வழக்கு வைப்பாரோ? அவர் அந்த நேரம் அங்க இருந்திருக்க மாட்டார். அதுதான் வரேல்லை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை" என்றார். "உமக்கு அவனைத் தெரியாது. நான் வாசலில நிண்டனான். அவன்ர பேரைச் சத்தமாக் கூப்பிட்டிருக்கலாம். பயத்தில சத்தம் வெளிய வரேல்லை."

பஸ் வந்தது. எல்லோரிடமும் வீட்டுப் பெயரைப் பிடுங்குகிறவர், தம்பியின் வீட்டுப் பெயரை மட்டும் எனக்கு இன்னும் சொல்லவில்லை என்பது பஸ்ஸுக்குள் இருந்தபோதுதான் உறைத்தது. கேட்கத் துணிவு வரவில்லை.

அடுத்த வருடம் நான் படித்துக்கொண்டே ஒரு ஆராய்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். எங்களை ஆராய வருகிறவர்களுக்கு அந்த நாட்களில் குறைவில்லை. வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், சின்ன இயந்திரத்தில் பதிவு செய்வார்கள், மெர்சி சொல்லிக்கொண்டு போவார்கள். போன பிறகு நாங்கள் என்ன ஆனோம் என்று எங்களுக்கே தெரிய வராது. எலோடி என்ற பெண்ணின் ஆராய்ச்சி கொஞ்சம் வித்தியாசம். வெள்ளைக்காரர் ஆண்ட நாடுகளில் படித்துவிட்டு இங்கே வந்த பெண்களிடம், பள்ளிக்கூடம் உங்களிடம் எதை விட்டுவிட்டுப் போனது, எதை எடுத்துக்கொண்டு போனது என்று கேட்டாள். நான் அவளை அன்ரியின் சமையலறை மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்ரி பலகாரத் தட்டை வைத்துவிட்டு, இயந்திரம் ஓடத் தொடங்கும் முன்னமே கேட்டுவிட்டார். எலோடி காதுமடல் சிவக்க, "லோலோ" என்றாள். கேட்கிறவர் தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதி இருந்ததாம். அன்ரியிடம் எந்த விதி எடுபட்டது!

பிறகு எலோடி தன் விதிகளைச் சொன்னாள். சொந்தப் பெயர் புத்தகத்தில் வராது. வழக்கமாக இலக்கம்தான் போடுவார்கள். தனக்கு அது பிடிக்கவில்லை, ஆகவே ஒவ்வொருவரும் தங்களுக்கு விருப்பமான ஒரு பொய்ப் பெயரைச் சொல்லலாம். நான் தமிழில் சொன்னேன்.

"எந்தப் பேரும் சொல்லலாமோ?"

"ஓம் அன்ரி. மேரி, சாந்தி, உங்களுக்கு விருப்பமான ஒண்டு."

"பொம்பிளைப் பேர்தான் சொல்லோணுமோ?"

"எந்தப் பேரும் எண்டுதானே சொல்லுறாள். கெதியாச் சொல்லுங்கோ."

அன்ரி மேசை விரிப்பின் ஓரத்தை நீவினார்.

"அப்ப பவளராசா எண்டு போடச் சொல்லும்."

விளங்காமல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். "எனக்கென்ன காது கேளாதோ?" என்று வெட்டினார். "பவளராசா. என்ர பேர் ஒரு இடத்திலயும் வேண்டாம். இந்தப் பேர் வரோணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு எலோடிக்குச் சொன்னேன். எலோடி இயந்திரத்தை நிறுத்தினாள். பெயரைச் சரியாகச் சொல்லித் தரும்படி கேட்டாள். அன்ரி சொன்னார், அவள் திருப்பிச் சொன்னாள், அன்ரி திருத்தினார். அந்த நடு எழுத்து அவளுடைய நாக்குக்குள் அடங்க மறுத்தது. அன்ரிக்கு அலுக்கவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்குள் அந்தப் பெயர் நடமாடியது.

போகும்போது எலோடி, உங்களை வீட்டில் என்னவென்று கூப்பிடுவார்கள் என்று திருப்பிக் கேட்டாள். அதுவரை ஒருவரும் அன்ரியிடம் அதைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அவர் சொன்னார். சொல்லிவிட்டு, "கூப்பிட்ட ஆக்களில ஒருதரும் மிச்சமில்லை. நீங்கள் ரெண்டு பேரும் தெரிஞ்சு வைச்சிருங்கோ, காணும்" என்றார். தெரிந்து வைத்திருக்கிறேன்.

இடைஞ்சல் இல்லாமல் எது நடந்தது? சில மாதம் கழித்து எலோடி அழாக்குறையாகத் தொலைபேசி எடுத்தாள். அவளுடைய பேராசிரியை அந்தப் பெயரைப் போட முடியாது என்கிறாராம். ஒரு பெண்ணின் கதைக்கு ஆணின் பெயர் என்பதை ஒரு அடிக்குறிப்பில் சமாளிக்கலாம். ஆனால் காணாமல் போன ஒருவரின் உண்மையான பெயர் அது. ஊரில் இன்னும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். அங்கே மறுபடியும் சண்டை வரும் போல் இருக்கிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு யாராவது வீட்டுக்குப் போனால் யார் பொறுப்பு? பொய்ப் பெயர் என்றால் பொய்யாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இலக்கம்.

அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். அநியாயம் என்றால் சண்டை பிடிக்கலாம்.

பஸ் தரிப்பிடத்தில் அன்ரியிடம் சொன்னேன். பஸ் வந்து கதவைத் திறந்தது. அவர் ஏறவில்லை. சாரதி அவருடைய வீட்டுப் பெயர்ச் சிநேகிதர்தான். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கையைக் காட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சயும் இடாப்பில எழுதுற பேரில்லையாமோ?" என்றார் அன்ரி.

பிறகு கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனிசியைச் சாப்பிட வரச்சொல்லும்" என்றார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். வெள்ளைத் தலைமுடி, மெலிந்த உடம்பு, வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார். அன்ரி மீன் கட்லட்டும் இறால் குழம்பும் வைத்தார். உறைப்பில் பேராசிரியையின் மூக்கு ஒழுகியது. அன்ரி எழும்பிப் போய்த் தயிர் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டு முடியும் வரை ஒருவரும் விசயத்தைத் தொடவில்லை. எலோடி மட்டும் ஒன்றும் சாப்பிடாமல் சாப்பாட்டுக் கோப்பையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

பேராசிரியை என்னைப் பார்க்காமல் அன்ரியைப் பார்த்துத்தான் கதைத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"எனக்கு உங்கள் தம்பியின் பெயரோடு ஒரு கோபமும் இல்லை. உங்களுடைய ஆட்களுக்கு ஒன்று நடந்துவிடக் கூடாது. இந்தப் பெயர் எந்தெந்தக் கடதாசியில் இருக்கிறது என்று சொல்லுங்கள்."

நான் மொழிபெயர்த்தேன். அன்ரி யோசித்தார்.

"ஞானஸ்நானப் பத்திரத்தில அல்பிரட். இடாப்பில அல்பிரட். அடையாள அட்டையில அல்பிரட். அவங்கள் வாசிச்ச கடதாசியிலயும் அல்பிரட். நான் முறைப்பாடு குடுத்த இடமெல்லாம் அல்பிரட் எண்டுதான் எழுதினவை. வீட்டுப் பேரைச் சொல்ல, அது வேண்டாமெண்டிட்டினம்."

"அப்படியென்றால் பவளராசா எங்கே எழுதியிருக்கிறது?"

"ஒரு இடத்திலயும் இல்லை."

"யாருக்குத் தெரியும்?"

"அப்புவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். அவை போயிட்டினம். அவனோட வாங்கில இருந்த பெடியனுக்குத் தெரியும், அவனையும் சேர்த்துத்தான் கொண்டு போனவங்கள். இப்ப எனக்குத் தெரியும்."

பேராசிரியை கைத்துடைப்பை நான்காக மடித்தார், பிறகு விரித்தார். அவருடைய மூக்கு இன்னும் சிவந்திருந்தது. உறைப்பா வேறு ஏதுமா என்று தெரியவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பெயரை வைத்துக்கொண்டு உலகத்தில் ஒருவரும் ஒருவரையும் தேடிப் போக முடியாது. அப்படியென்றால் போடலாம்."

இதை நான் தமிழில் சொல்லவேண்டும். எனக்கு உடம்பு முழுக்கப் பற்றியது. ஒரு இடத்திலும் எழுத விடாத பெயர். எழுத விடாததால்தான் இன்று எழுத விடுகிறார்கள். மேசையைத் தட்டிவிட்டு எழும்பிப் போகலாம் என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன். அன்ரி என்னைப் பார்த்தார், பேராசிரியையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது.

"அந்தப் பிறதருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கோணும் பிள்ளை. மனிசன் எழுதாமல் விட்டதாலதானே இப்ப எழுதினம்!"

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். பேராசிரியை சிரிக்கவில்லை. அன்ரியின் கையின் மேல் தன் கையை வைத்தார்.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அன்ரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "மேசோன், மமான், நோம்?" பேராசிரியை நிமிர்ந்து, எலோடியையும் என்னையும் பார்த்துவிட்டு, குனிந்து அன்ரியின் காதில் சொன்னார். அன்ரியின் முகம் மலர்ந்தது. பிறகு எத்தனையோ தரம் கெஞ்சியும், கோபித்தும், புட்டுச் சாப்பிடமாட்டேன் என்று மிரட்டியும் கேட்டுப் பார்த்தேன். அவர் அதை எனக்குச் சொல்லவே இல்லை.

கதை பரவி, மற்றப் பெண்களும் எலோடியிடம் வந்து தங்கள் பொய்ப் பெயரை மாற்றச் சொன்னார்கள். சாந்தி என்று கொடுத்தவர் அதை வெட்டிவிட்டுக் கறுவல் என்று போடச் சொன்னார், அது அவருடைய மகனின் வீட்டுப் பெயர். இன்னொருவர் குஞ்சன் என்றார். ஒரு கடதாசியிலும் இல்லாத பெயர்களாகத் தேடித் தேடிக் கொடுத்தார்கள். பிரெஞ்சில் எழுதிய அந்தப் பெரிய புத்தகத்தில், தடித்த சொற்களுக்கு நடுவில், குஞ்சன் இப்படிச் சொல்கிறார், கறுவல் இதை மறுக்கிறார் என்று வரும். எனக்கு வாசிக்கும்போது சிரிப்பும் வரும், மற்றதும் வரும்.

எலோடி தன் ஆய்வைப் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசித்துப் பரீட்சகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் வந்தது. யாரும் போய் இருந்து கேட்கலாம். அன்ரி பட்டுச் சீலைக்கு மேல் குளிரங்கி, கீழே பனிச் சப்பாத்து. தீஃப்ரே தன் காரில் கூட்டிக்கொண்டு வந்து, தானும் பின்வரிசையில் இருந்துகொண்டார். அன்ரி முன்வரிசை. ஒரு சொல் விளங்காவிட்டாலும் முதுகை நிமிர்த்தி இருந்தார். நான் காதுக்குள் மொழிபெயர்க்கப் போனேன், வேண்டாம் என்று கையால் காட்டினார். அவர் ஒரு சொல்லுக்காகத்தான் வந்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் பரீட்சகர்கள் வரிசையாக இருந்தார்கள். நடுவில் பேராசிரியை, முன்னால் கடதாசி, கையில் பேனா. எலோடி கனநேரம் ஏதேதோ விளக்கினாள். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பி, தண்ணீர் குடித்து, அன்ரியைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"பவளராசா."

நடு எழுத்துச் சுத்தமாக வந்தது. ஞாயிறு தோறும் பூசைக்குப் பிறகு அன்ரியின் சமையலறையில் பழகியிருந்தாள்.

அன்ரி எழும்பினார். நான் சீலையைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன், தாமதமாகிவிட்டது. கையைப் பக்கவாட்டில் நேராக வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய அறைக்குத் தேவைப்படாத அளவு உரத்த குரலில் சொன்னார்:

"பிரசென்ட்."

பிரெஞ்சிலும் பள்ளிக்கூடத்தில் அதே சொல்தான். ஒருவருக்கும் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. எலோடியால் மேலே வாசிக்க முடியவில்லை. வேறு ஊரிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பேராசிரியை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அன்ரியைப் பார்த்தார், தலையை அசைத்தார், குனிந்து தன் முன்னாலிருந்த கடதாசியில் ஒரு சரி அடையாளம் போட்டார்.

அன்ரி இருந்தார். சீலையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"இண்டைக்கு அவனுக்கு அடி இல்லை, குண்டு" என்றார்.